மஞ்சளா, விரிசலா?

புதிதாக எது வந்தாலும் மஞ்சள் பொட்டு வைக்காமல் என் கை சும்மா இருக்காது. மிக்ஸி, கேஸ் சிலிண்டர், தண்ணீர்த் தொட்டி, எதையும் விட்டதில்லை. (வாஷிங் மிஷினுக்கு வைத்தது முதல் துவைப்பிலேயே என் வீட்டுக்காரரின் வெள்ளைச் சட்டையில் ஏறிவிட்டது.)

அவருக்குக் காலடிப்பேட்டையில் சின்ன வெல்டிங் பட்டறை. வெல்டில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க, ஒளிரும் சாயத்தைத் தடவிக் கழுவி, மேலே வெள்ளை மாவு தூவி, இருட்டில் ஊதா விளக்கு அடிப்பார்கள். விரிசலுக்குள் புகுந்த சாயம் கசிந்து பச்சையாக மின்னும். முன்பு ஒரு தடவை, அவருடைய மங்கல் விளக்கில் மெல்லிய விரிசல் ஒன்று தப்பிவிட்டது. காட்டுப்பள்ளி கப்பல் தளத்துக்குப் போன சரக்கு அப்படியே திரும்பி வந்தது. அதன்பிறகு பலமான விளக்கும் இன்னும் நுண்ணிய சாயமும் வாங்கினார். துளி வெளிச்சம் நுழையாதபடி கறுப்புத் தார்ப்பாயில் கூடாரம் போட்டார். தைத்தது நான்தான். இப்போது கிடைத்த கப்பல் பம்பு ஆர்டரும் திரும்பி வந்தால் பட்டறையை மூட வேண்டியதுதான்.

ஆர்டர் கொடுத்த கம்பெனியிலிருந்து சோதனைக்கு அதிகாரி வந்தது வெள்ளிக்கிழமை. நான் இட்லியோடு போனேன். சாயம் மாவில் கசிந்து வரட்டும் என்று இருவரும் டீ குடிக்கப் போயிருந்தார்கள். கூடாரத்தில் கப்பல் பம்பின் இரும்பு உறை, உடம்பெல்லாம் வெள்ளையாக, விபூதிக் காப்பில் பிள்ளையார் போலவே உட்கார்ந்திருந்தது. நெற்றி மட்டும் வெறுமை. மனசு கேட்குமா? முந்தானையில் முடிந்திருந்த கோயில் மஞ்சளைக் குழைத்து, "தாயே, நீதான் காப்பாத்தணும்" என்று மூன்று பொட்டு வைத்தேன். ஒன்று வழிந்தது. துடைத்தேன், பரவியது. அதற்குள் செருப்புச் சத்தம். மூலையில் ஒண்டிக்கொண்டேன்.

திரை மூடியது. விளக்கு எரிந்தது.

"என்ன சார், பம்புன்னு சொல்லிச் சல்லடையக் கொண்டாந்திருக்கீங்க?" என்றார் அதிகாரி. விளக்கை என் பக்கம் திருப்பியவர், "யாரு அங்க?" என்று இரண்டடி பின்வாங்கி மேஜையில் இடித்துக்கொண்டார். அந்த விளக்கில் மஞ்சளும் சாயம் போலவே மின்னுமாம்; மஞ்சள் பூசிக் குளித்த என் முகம், உடம்பே இல்லாமல், இருட்டில் தனியாக எரிந்துகொண்டிருந்ததாம்.

"நான்தாங்க. இட்லி எடுத்துகினு வந்தேன்."

"இன்னாடி பண்ணி வச்சிகீற?" என்றார் என்னவர்.

"பொட்டு வச்சேன்."

"இரும்புக்கா?"

"சாமி மாறி இருந்திச்சி."

உறையைச் சுத்தமாகக் கழுவி, சாயத்திலிருந்து எல்லாம் மறுபடியும். என்னை வெளியே உட்காரவைத்தார்கள். உள்ளே அவர் குரல்தான் கேட்டது. "இன்னும் ஒரு கோடு மின்னுது சார். அவ மஞ்சளு இன்னும் போவல." துடைப்பதும் மாவு தூவுவதுமாக இருந்தார். எனக்கு அம்மன் பெயர்கூட வாயில் வரவில்லை.

"விடுங்க" என்றார் அதிகாரி. "மஞ்சள்னா தொடச்சா போயிரும். இது திரும்பத் திரும்ப வருது. விரிசல். உங்க பழைய விளக்குல இது தெரிஞ்சே இருக்காது."

அந்த இடத்தைத் தேய்த்து, புதிதாக வெல்டு அடித்து, மறுநாள் பார்த்தபோது உறை முழுக்க ஒரே இருட்டு. (முகத்தைச் சோப்பு போட்டுக் கழுவிய பிறகே என்னை உள்ளே விட்டார்கள்.) ஆர்டர் நிலைத்தது. கூடாரத்துக்கு வெளியே, கம்பத்துக்கு மட்டும் நான் பொட்டு வைத்துக்கொள்ளலாம் என்று உத்தரவானது.

போன வாரம், ராயபுரத்தில் கட்டிக்கொடுத்த எங்கள் மகள் போனில் அழுதாள். மாப்பிள்ளையோடு சண்டை. அவர் போனை வாங்கி ஒன்றே ஒன்று கேட்டார்: "மஞ்சளா, விரிசலா?"

கூடாரத்துக் கதை அவளுக்கும் தெரியும். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "மஞ்சதான்பா" என்றாள்.

"அப்ப மூஞ்ச தொடச்சிகினு சாப்புடு" என்றார்.