அப்பாவின் பட்டாளத்து பெல்ட்டும் அதிலிருந்த நம்பரும்

கச்சிராயபாளையம்,
ஆடி 28, புதன்.

மணலூர்பேட்டையில் இருக்கும் மரியாதைக்குரிய மாமா சின்னக்கண்ணு அவர்களுக்கு, மைத்துனன் பிச்சைமுத்து பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் நிர்மலாவும் மாத்திரை மருந்தோடு நலம். அங்கே நீங்களும் கண்ணகி அக்காவும் உங்கள் முழங்காலும் நலமா? இதைப் போனிலேயே சொல்லலாமே என்பீர்கள். போனில் சொன்னால் அக்கா ஸ்பீக்கரில் போட்டுவிடும். இது நீங்கள் மட்டும் படிக்க வேண்டிய விஷயம்.

நம் ஊரிலிருந்து இரண்டாம் உலக யுத்தத்துக்குப் போனவர்கள் பெயரையெல்லாம் கல்லில் வெட்டி மந்தையில் நடப்போகிறார்கள், வெள்ளிக்கிழமை திறப்பு. அப்பா பேர் அதில் வரலைன்னா இந்த ஊர்த் தண்ணியைத் தொடமாட்டேன் என்று அக்கா சொல்லிவிட்டது உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு பேருக்கும் கீழே பட்டாளத்து நம்பர் வேண்டும் என்றார்கள். அப்பாவின் காகிதமெல்லாம் கரையான் தின்றுவிட்டது. அவர் பட்டாளத்திலிருந்து கொண்டுவந்த பெல்ட்டில்தான் நம்பர் இருக்கிறதே! கரும்பு எடைமேடையில் முப்பத்திரண்டு வருஷம் நம்பர் எழுதிய கை, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு 4417 என்று தெளிவாக எழுதிக் கொடுத்தேன்.

அத்தோடு விட்டிருக்கலாம். எந்தப் படை என்றும் எழுதினால் கெத்தாக இருக்குமே என்று ஆசை வந்து, பேத்தி ஷாலினியைக் கூப்பிட்டேன். அவள் பெல்ட்டைப் போட்டோ எடுத்து, ஆம்பூரில் பழைய பட்டாளத்துத் தோல் சாமான் சேர்க்கிற நிசார் பாய்க்கு அனுப்பினாள். முத்திரை முழுசாகத் தெரியவில்லை, துடைத்து அனுப்புங்கள் என்றார் பாய். எப்படித் தெரியும்? ஆடிக்கு ஆடி படையல் போட்டு நாம் பூசின சந்தனம் அதன்மேல் அடை அடையாக நிற்கிறது. நிர்மலாதான் சாமியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு எண்ணெய் தொட்டுத் துடைத்தாள். ஓர் அம்புக்குறி வந்தது, வட்டத்துக்குள் இங்கிலீஷ் எழுத்து வந்தது, 1942 வந்தது. எனக்கு மார்பு ரெண்டு அங்குலம் விரிந்தது.

சாயந்திரம் பாய் போன் பண்ணினார். "அம்புக்குறி இருந்தா சர்க்கார் சொத்துங்க. வட்டத்துல இருக்கிறது தைச்ச கம்பெனி முத்திரை. எல்லாம் அசல்தான். ஆனா இது சிப்பாய் பெல்ட் இல்லீங்க ஐயா. கோவேறு கழுதைக்கு வயித்துல கட்டுற பட்டை. அந்த நம்பரும் அந்தக் கழுதையோடதுதான்."

மாமா, அது நம் இடுப்பை ரெண்டு சுற்றுச் சுற்றும்போதே யாருக்காவது புத்தி வந்திருக்க வேண்டாமா? பட்டாளத்தில் அப்படித்தான் கட்டுவார்கள் என்று நாமே சொல்லிக்கொண்டோம். என் கல்யாணத்தன்று அப்பாதான் அதை எனக்குக் கட்டிவிட்டார். கட்டும்போது சிரித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான். மகனைப் பார்த்துப் பெருமையில் சிரிக்கிறார் என்று நாற்பத்தாறு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். எழுபத்திரண்டில் உங்கள் கல்யாணத்துக்கு நீங்கள் அந்த பெல்ட்டைக் கேட்டபோது அப்பா, "வேணாம், மாப்ளைக்கு அதெல்லாம் கட்டக் கூடாது" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து இன்றுவரை நீங்கள் அதைச் சொல்லிக்காட்டாத விசேஷம் இல்லை. அவர் உங்களுக்கு மரியாதை கொடுத்திருக்கிறார் மாமா. பெற்ற பிள்ளைக்கு இல்லாத மரியாதை. உங்கள் எண்பதாங்கல்யாணத்துக்குக் கேட்டிருந்தீர்களே, இப்பவும் வேண்டுமானால் சொல்லுங்கள், அனுப்பி வைக்கிறேன்.

சிரித்து முடித்தீர்களா? இனிமேல்தான் நான் சொல்ல வந்தது. சந்தனம் போன பிறகு நிர்மலா, "இன்னாங்க இது, உள்பக்கம் ஆணியில கீறின மாதிரி கீது?" என்றாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கோணல்மாணலாகத் தமிழில் "ராணி" என்று கீறியிருந்தது.

அம்மா உயிரோடு இருந்தவரைக்கும் அந்தப் பேரைச் சொல்லிச் சண்டை போடாத மாசம் உண்டா? அப்பா தூக்கத்தில், "ராணி, பாத்து ஏறு, பாத்து ஏறு" என்று உளறுவார். "பர்மாவுல எவளையோ வச்சிக்கினு இருந்துட்டு வந்து என் உசுர வாங்குறாரு" என்று அம்மா ஊரைக் கூட்டும். துப்பாக்கி பிடித்தவர் என்று ஊர் பேசிக்கொண்டிருக்கும்போது, தான் கோவேறு கழுதை ஓட்டினதை அப்பா எந்த வாயால் சொல்வார்? துப்பாக்கி பிடித்தவனுக்குச் சோறு மலையேறியது அவர் முதுகிலும் ராணி முதுகிலும்தான். அவருக்குத் தன் பேர் மட்டும்தான் எழுதத் தெரியும் என்று நினைத்திருந்தோம். இன்னொரு பேரும் எழுதத் தெரிந்திருக்கிறது. எனக்கு அழுகை வந்துவிட்டது மாமா, மறைக்கவில்லை. அம்மாவுக்கு இது தெரியாமலே போய்விட்டது.

ஆனாலும் கழுதை நம்பரை அப்பா பேருக்குக் கீழே வைத்து ஊரை ஏமாற்ற என்னால் முடியாது. நாளைக் காலையில் சங்கராபுரம் போய், சரியான நம்பர் கிடைக்கிறவரை அப்பா பேரை நிறுத்திவையுங்கள் என்று கல் வெட்டுகிறவரிடம் சொல்லப்போகிறேன். அக்காவை நீங்கள்தான் சமாதானம் பண்ண வேண்டும். அக்காவுக்கு என் நமஸ்காரம், பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம், உங்கள் முழங்காலுக்கு நிர்மலா கொடுத்தனுப்பும் தைலம் தனியாக வருகிறது.

தங்கள் அன்புள்ள மைத்துனன்,
பிச்சைமுத்து

பின்குறிப்பு: வியாழன் மதியம். தபாலில் போட்டால் நாளைக்குள் வராது என்று ஷாலினி கையில் கொடுத்தனுப்புகிறேன், அதற்கு முன் இதைச் சேர்க்கிறேன். சங்கராபுரம் போனேன். எல்லாம் வெட்டி முடித்துவிட்டார்கள். "சடையன், 4417" என்று அவ்வளவு அழகாக இருந்தது. நிறுத்தச் சொல்லப் போனவன் அந்த எழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றேன். "பக்கத்துல கொஞ்சம் எடம் காலியா கீது, எதுனா எழுதணுமாங்க?" என்று கல் வெட்டுகிறவர் கேட்டார். ராணி என்று எழுதச் சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன். நாளைக்கு அக்கா திரையை விலக்கிவிட்டு, யார் அந்த ராணி என்று கேட்கும். நீங்கள் பக்கத்திலேயே நில்லுங்கள் மாமா.