இத்தாலிக்கு முட்டுக் கொடுத்தவன்

அந்த இரண்டு டிக்கெட்டும் எனக்குத்தான். ஜனவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், குளியலறைக் கண்ணாடி முன் நின்று சபதம் எடுத்தேன். வாய் நிறையப் பற்பசை. சபதத்தில் பாதி கண்ணாடியில் தெறித்தது.

"மேல யாரோட பேசிக்கிட்டிருக்க?" கீழே சமையலறையிலிருந்து என் மனைவி நெஸ்டாவின் குரல்.

"யாரோடயும் இல்ல!"

"சரி. கண்ணாடியைத் துடைச்சிட்டு இறங்கு."

முப்பத்திரண்டு வருஷமாக இப்படித்தான். இரண்டு சுவர், ஒரு மாடிப்படி, எதுவும் அவள் கண்ணை மறைக்காது. அவளுக்குத் தெரியாமல் ஒரு காரியம் செய்துவிடலாம் என்று நினைத்தேன் பாருங்கள், அங்கேதான் எல்வின் என்கிற நான் எவ்வளவு அசடு என்பது நிரூபணமாகிறது.

டிக்கெட் என்றால் சாதாரண டிக்கெட் இல்லை. மார்ச் மாதம் எங்கள் தலைநகர் கார்டிஃபில் வேல்ஸும் அயர்லாந்தும் மோதும் ரக்பி ஆட்டம். எங்கள் ஊர் பான்ட்கோக்கின் ரக்பி கிளப்பில் உறுப்பினர்கள் நூற்றிப் பத்துப் பேர். வந்த டிக்கெட் இரண்டு. கிளப் தலைவர் டூடர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். நூற்றிப் பத்துக்கு இரண்டைப் பங்கு போட்டுப் பார்த்தார். விடை, அடிதடி என்று வந்தது. அதனால் வேறு வழி கண்டுபிடித்தார்.

"பட்டிமன்றம் வைக்கிறோம். இந்த வருஷம் ஆறு நாட்டுப் போட்டியில கோப்பை யாருக்கு? ஆறு நாடு, ஆறு பேர் பேசலாம். உறுப்பினர் வீட்டு ஆளுங்களும் பேசலாம். கடைசியில சபை கை தூக்கும். எந்த நாட்டுக்கு அதிகக் கையோ, அந்த நாட்டுக்காகப் பேசினவருக்கு ரெண்டு டிக்கெட்டும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. பேச்சா? பான்ட்கோக்கில் ரக்பி பேச்சு என்றால் இரண்டு பேர்தான். ஒன்று நான். இன்னொன்று அடுத்த வீட்டு கிளான்மோர், பழைய பஸ் டிரைவர். ஞாயிறு மதியம் கிளப்பில் நானும் அவனும் எதிரெதிரே உட்கார்ந்து, பிரான்ஸ் பெரிதா தென்னாப்பிரிக்கா பெரிதா என்று ஆரம்பித்தால் மற்றவர்கள் பியரை வாயில் வைக்க மறந்துவிடுவார்கள். பதினொரு வருஷமாக நடக்கிறது. எங்களுக்கு 'ஜோசியர்கள்' என்றே பெயர்.

உங்களிடம் மட்டும் ஒரு ரகசியம் சொல்கிறேன். நான் குழாய் வேலை செய்கிறவன். எங்கள் நாட்டுச் சின்னம் லீக் என்கிற வெங்காயத்தண்டு. என் பிழைப்பு, லீக்கை அடைப்பது. என் அறிவும் ஒரு லீக்தான். நெஸ்டாவிடமிருந்து ஒழுகியது.

அவள் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். கிளப் பக்கம் வந்ததே இல்லை. சனிக்கிழமை துணி தேய்க்கும்போது வானொலியில் ரக்பி ஓடும். அவள் அதைக் கேட்டுக்கொண்டே, தேய்க்கிற சட்டையிடம் பேசுவாள். "அந்தப் பத்தாம் நம்பர்க்காரன் இடது காலால உதைக்கவே பயப்படறான், பாரு." சட்டை பதில் சொல்லாது. நான் செய்தித்தாளுக்குப் பின்னால் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மறுநாள் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளப்புக்குப் போய் அதையே சொல்வேன். சட்டையும் அவள் தேய்த்தது, கருத்தும் அவள் தேய்த்தது. மாட்டிக்கொண்டு போவது மட்டும் நான்.

டூடர் தன் தொப்பியில் சீட்டுகளைப் போட்டுக் குலுக்கினார். கிளான்மோர் எடுத்தான். அயர்லாந்து. மீசைக்குள் சிரித்தான். நான் எடுத்தேன். பிரித்தேன். மடித்துவிட்டேன்.

"சத்தமாப் படி எல்வின்."

"இத்தாலி."

கூரை இடிந்து விழும் அளவுக்குச் சிரித்தார்கள். கடைசி இடத்தில் வரும் நாட்டுக்கு மரக்கரண்டி என்று கேலியாகச் சொல்வார்கள். இத்தாலி வீட்டில் இருக்கும் கரண்டிகளை வைத்து ஒரு கல்யாணத்துக்கே சமைத்துவிடலாம்.

"மாப்ளே, சூப்பு குடிக்கக் கூப்பிடு, வர்றேன்" என்றான் கிளான்மோர்.

மற்ற மூன்று சீட்டுகளையும் மூன்று பேர் எடுத்தார்கள். தொப்பி காலி. எண்ணிப் பார்த்தேன்.

"தலைவரே, வேல்ஸ் சீட்டு எங்க?"

"வேல்ஸுக்கு முன்னாடியே ஒரு ஆள் பேர் குடுத்தாச்சு."

"யாரு?"

"அடுத்த ஞாயித்துக்கிழமை தெரியும்."

யாரோ ஒரு முட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் அணி அப்போது ஆடிக்கொண்டிருந்த ஆட்டத்துக்கு அதை நம்பிப் பேச வருகிறவன் வேறு யாராக இருக்க முடியும்?

அன்று மாலை நெஸ்டா பாத்திரம் கழுவினாள். நான் தானாகவே துண்டை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தேன். அது முதல் தப்பு. முப்பத்திரண்டு வருஷத்தில் நான் தானாகத் துண்டை எடுத்தது அது இரண்டாவது தடவை. முதல் தடவை அவளுடைய காரை இடித்துவிட்டு வந்திருந்தேன்.

"என்ன இடிச்ச?"

"ஒண்ணும் இல்ல. சும்மா. இந்த இத்தாலிக்காரங்க எப்படி ஆடறாங்க?"

"எந்த இத்தாலிக்காரங்க? முக்குல ஐஸ்கிரீம் கடை வெச்சிருக்காங்களே, அவங்களா?"

"ரக்பி, நெஸ்டா!"

"ஓ, ரக்பியா கண்ணு?"

அவள் 'எல்வின்' என்றால் நலம். 'கண்ணு' என்றால் எனக்கு ஏதோ வரப்போகிறது என்று அர்த்தம். நான் கவனிக்கவில்லை. அது இரண்டாவது தப்பு.

"அவங்க ஸ்க்ரம்ல முன்வரிசை மூணு பேரும் கோட்டைக் கதவு மாதிரி. எட்டுப் பேரும் தலையைக் கோத்து முட்டினா எதிராளி பின்னாலதான் போகணும்."

"கோட்டைக் கதவு" என்று முணுமுணுத்துக்கொண்டேன்.

"அப்புறம் எல்லாம் சின்னப் பசங்க. பயம்னா என்னன்னே தெரியாது. அஞ்சு ஆட்டத்துல மூணு ஆட்டம் சொந்த ஊர்ல, ரோம்ல. அந்தத் தட்டையே எத்தனை நேரம் துடைப்ப? பூ அழிஞ்சிடப் போகுது."

மூன்று அம்பு. மூன்றும் கூர். தட்டைக் கீழே வைத்துவிட்டு நழுவினேன். குழாய்க் கடை ரசீதின் பின்பக்கம் எழுதி, வேனில் வைத்து ஒரு வாரம் மனப்பாடம் செய்தேன். இரண்டு டிக்கெட்டில் ஒன்று எனக்கு. இன்னொன்றை நெஸ்டாவுக்குக் கொடுக்கலாமா என்று கூட யோசித்தேன். பாவம், அவளுக்கும் கொஞ்சம் ரக்பி தெரியட்டும் என்று.

அடுத்த ஞாயிறு மதியம் கிளப்பில் உட்கார இடமில்லை. ஸ்காட்லாந்துக்காக ஒருவர் பேசினார், இங்கிலாந்துக்குப் பேசியவரைப் பாதியிலேயே உட்கார வைத்தார்கள், பிரான்ஸுக்குப் பேசியவர் பிரெஞ்சுச் சாப்பாட்டைப் பற்றிப் பேசிப் பசியைக் கிளப்பினார். கிளான்மோர் எழுந்து அயர்லாந்துக்குப் பிரமாதமாகப் பேசினான். "பாதி அணி ஒரே கிளப்ல ஆடறவங்க. கண்ணைக் கட்டிவிட்டாலும் ஒருத்தன் கைக்கு இன்னொருத்தன் பந்தைப் போட்டுடுவான்!" கைதட்டல்.

என் முறை. ரக்பியில் ஸ்க்ரம்மின் முன்வரிசைக்காரனுக்கு வேலையே முட்டுக் கொடுப்பதுதான். நானும் இத்தாலிக்கு முட்டுக் கொடுத்தேன். கோட்டைக் கதவு என்றேன். பயமறியாப் பிள்ளைகள் என்றேன். ரோமாபுரி மண் என்றேன். இத்தாலிக்கா இவ்வளவு பேச்சு என்று டூடரே வாய் பிளந்தார். கிளான்மோரின் மீசை தொங்கிவிட்டது. டிக்கெட் என் சட்டைப் பைக்குள் சரசரப்பது போலவே இருந்தது.

"கடைசியா, வேல்ஸ்" என்றார் டூடர். "திருமதி நெஸ்டா ப்ராசர்."

ப்ராசர் என்பது என் குடும்பப் பெயர். யாரடா இது நம் பெயரில் ஒருத்தி என்று நானும் திரும்பிப் பார்த்தேன்.

கதவருகே கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எழுந்தாள். சிவப்புக் கோட்டு. நேரே முன்னால் வந்தாள்.

"என் வீட்டுக்காரர் சொன்ன மூணும் சரி" என்று ஆரம்பித்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது. இரண்டு விநாடி.

"கோட்டைக் கதவுதான். அறுபது நிமிஷம் வரைக்கும். அப்புறம் மாற்று ஆளுங்க வருவாங்க. அவங்க கதவு இல்ல, திரைச்சீலை. பசங்களுக்குப் பயம் தெரியாது, வாஸ்தவம். பயம் தெரியாதவனுக்கு, ஜெயிச்சிட்டிருக்கும்போது ஆட்டத்தை முடிக்கப் பந்தை எப்போ வெளியே உதைக்கணும்னும் தெரியாது. மூணு ஆட்டம் ரோம்ல. நம்மோட ஆடறது எங்க, எல்வின்?"

"கார்டிஃப்ல" என்றேன். வாய் தானாகச் சொன்னது.

"ஒரே கிளப் ஆளுங்கன்னு கிளான்மோர் சொன்னார். ஒருத்தன் களைச்சா அத்தனை பேரும் சேர்ந்து களைப்பாங்க. நேத்து வரைக்கும் அவங்க கிளப் ஆடாத வாரம் உண்டா?"

கிளான்மோர் தன் காலணியை ஆராய்ந்தான்.

"நம்ம பசங்களைப் பத்தி நான் பொய் சொல்ல மாட்டேன்" என்றாள் நெஸ்டா. "முட்டினா பின்னால போறாங்க. உதைச்சா கோணலாப் போகுது. இருந்தாலும் கேக்கறேன். இந்த வருஷம் வேல்ஸ் ஜெயிக்கும்னு நம்பறவங்க கை தூக்குங்க."

சொல்லுங்கள், நான் என்ன செய்வேன்? நான் பிறந்தது பான்ட்கோக்கில். வேல்ஸ் ஜெயிக்குமா என்று கேட்டால் என் தலை இல்லை என்று சொல்லும். கை கேட்குமா? நூற்றுக்கு மேற்பட்ட கைகள் எழுந்தன. பிரான்ஸுக்குப் பேசியவர் கை. கிளான்மோர் கை. எண்ணிக்கொண்டே வந்த டூடர் என் எதிரே நின்று, "எல்வின், ரெண்டு கை தூக்கினாலும் ஒண்ணாத்தான் எண்ணுவேன்" என்றார்.

ரக்பியில் கோட்டைத் தொட்டால் புள்ளி. நான் கோட்டை விட்டவன்.

வீட்டுக்கு வந்ததும் குதித்தேன். "எனக்கே சொல்லிக் கொடுத்து என்னையே கவுத்துட்ட! அந்த ஓட்டையெல்லாம் அன்னிக்கே ஏன் சொல்லல?"

"நீ குறை என்னன்னு கேக்கவே இல்லையே கண்ணு. நிறையை வாங்கிட்டு ஓடிட்ட."

அப்போது பின்வாசல் வழியாக கிளான்மோரின் மனைவி ஐர்வென் வந்தாள். கையில் கல்லில் சுட்ட கேக், சூடாக. பின்னாலேயே கிளான்மோர், முகம் தீய்ந்துபோய்.

"ரெண்டு டிக்கெட் இருக்கே நெஸ்டா" என்று நான் குரலை இறக்கினேன். "இன்னொண்ணு...?"

"ஐர்வெனுக்கு."

"ஐர்வெனுக்கா!" என்று கத்தினான் கிளான்மோர். "இவளுக்கு ரக்பின்னா என்னன்னே தெரியாதே!"

ஐர்வென் தட்டை மேஜையில் வைத்தாள். நிதானமாக. "பதினொரு வருஷமா ஞாயிறு காலையில சாக்ஸ் தேடற சாக்குல என் பக்கத்துல வந்து நின்னு, 'ஐர்வென், இந்த ஐரிஷ்காரங்க எப்படி?'ன்னு கேட்டுட்டுப் போறது யாரு? பேயா?"

நான் கிளான்மோரைப் பார்த்தேன். கிளான்மோர் என்னைப் பார்த்தான்.

"உனக்குமாடா?" என்றேன்.

"உனக்குமா?" என்றான்.

நெஸ்டா தேநீர் ஊற்றினாள். "சனிக்கிழமை துணி காயப் போடும்போது வேலிக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் இவளும் பேசி முடிச்சிடுவோம். ஞாயித்துக்கிழமை நீங்க ரெண்டு பேரும் போய் அதையே சத்தமாச் சொல்லுவீங்க."

"இரு, இரு. போன நவம்பர்ல நியூசிலாந்தைப் பத்தி நான் இவனை மடக்கினேனே! கிளப்பே எழுந்து நின்னு கைதட்டுச்சே!"

"அந்த வாரம் ஜெயிக்க வைக்கிறது என் முறை" என்றாள் நெஸ்டா.

"அடுத்த வாரம் என் முறை" என்றாள் ஐர்வென். "அன்னிக்குத்தான் நீங்க தோத்தீங்க எல்வின். வீட்டுக்குப் போய் ரெண்டு நாள் சாப்பிடலையாமே?"

கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கேக் நன்றாக இருந்தது. திராட்சை தாராளம். ஊரில் பெரிய ரக்பி மூளை என் வீட்டில் இருக்கிறது, இரண்டாவது பெரிய மூளை அடுத்த வீட்டில். இடையே ஒரு வேலிதான். இதற்கு மேல் ஒரு மனிதனுக்கு என்ன வேண்டும்? டிக்கெட் வேண்டும். அதை விடுங்கள்.

மார்ச் மாதச் சனிக்கிழமை. இருவரும் சிவப்புக் கழுத்துத் துணியைச் சுற்றிக்கொண்டு காலை ரயிலுக்குக் கிளம்பினார்கள். ஸ்டேஷன் வரை நாங்கள்தான் பைகளைத் தூக்கிக்கொண்டு போனோம். கல்யாணமான புதிதில் பார்த்த சிரிப்பு நெஸ்டாவின் முகத்தில் இருந்தது. ரயில் நகரும்போது ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "அடுப்புல சூப் இருக்கு, சுட வெச்சுக்க!" என்று கத்தினாள். அதற்குள் ஐர்வென் அவளை உள்ளே இழுத்து ஏதோ சொல்ல, இருவரும் கையை ஆட்டி ஆட்டி விவாதிக்க ஆரம்பித்துவிட்டார்கள். எவ்வளவு எக்கியும் ஒரு வார்த்தை எங்கள் காதில் விழவில்லை.

நானும் கிளான்மோரும் கிளப்புக்கு நடந்தோம். பெரிய டிவி முன்னால் ஊரே கூடியிருந்தது. எங்களைப் பார்த்ததும் வழி விட்டார்கள். முன்வரிசையில் இரண்டு நாற்காலி போட்டார்கள். இரண்டு கோப்பை பியர் வந்தது. எல்லோரும் எங்கள் வாயையே பார்த்தார்கள்.

"ஜோசியர்களே, சொல்லுங்க" என்றார் டூடர். "இன்னிக்கு நம்மளா, அயர்லாந்தா?"

நான் கிளான்மோரைப் பார்த்தேன். அவன் பியரைப் பார்த்தான். பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்தேன். மறுபடி உள்ளே வைத்தேன்.

"கொஞ்சம் பொறுங்க தலைவரே" என்றேன். "ரயில் குகைக்குள்ள போகுது போல. சிக்னல் கிடைச்சதும் எங்க கருத்தைச் சொல்றோம்."