போலீஸ் செலக்ஷனுக்கு ஓடிய பையன்

உத்திர வீதி, ஸ்ரீரங்கம்.

மண்ணச்சநல்லூரில் மருந்துக்கடை நடத்தி ஊர் நோயையெல்லாம் தீர்த்துவரும் அன்பு மச்சான் அங்கமுத்து அவர்களுக்கு, உங்கள் தங்கை புருஷன் மருதை வணக்கத்துடன் எழுதுவது. பானுமதியும் நானும் நலம் என்றுதான் எழுத வேண்டும், எழுதிவிட்டேன். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் தவறிப்போய்க் குடும்பக் குரூப்பில் விழுந்து மானம் போய்விடும் என்று தபாலில் அனுப்புகிறேன்.

எங்கள் பையன் கலையரசன் போதை மாத்திரையை விட்டு ஆறு வாரம் ஆகிறது. தென்னூர் டாக்டர், "தினமும் இருபது நிமிஷம் நடக்கட்டும். மூச்சு வாங்காம பேசிக்கிட்டே நடக்குற வேகம் போதும். தண்ணி குடிக்கணும், தலை சுத்தினா உக்காந்துடணும். ஓட்டம், ஜிம்மெல்லாம் நான் சொன்ன பிறகுதான்" என்றார். பையனும் அப்படியே நடந்தான். கெடுத்தது நான். எதிர்வீட்டுச் சந்திரம்மாள், "என்னங்க, தம்பி இப்படி இளைச்சுட்டாரு, காலையில வேற நடக்குறாரு?" என்று கேட்டதும் என் வாய் சும்மா இருக்காமல், "போலீஸ் செலக்ஷனுக்குத் தயாராகுறான்" என்று சொல்லிவிட்டது. அவ்வளவுதான். மறுநாளே ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்ற பக்கத்து வீட்டு பிராங்க்ளின் சார் விசிலோடு வாசலில் நிற்கிறார், சந்திரம்மாள் பச்சை முட்டையோடு நிற்கிறார், தெருவே கைதட்டுகிறது, "ஓடுங்க தம்பி, ஓடுங்க!" என்கிறது, அவன் என்னைப் பார்க்கிறான், நான் ராஜகோபுரத்தைப் பார்க்கிறேன். என் பொய்யைக் காப்பாற்ற அவனும் ஓடினான் மச்சான். மூன்றாம் நாள் பூக்கடை முன்னால் கண் இருட்டிச் சரிந்துவிட்டான். பிள்ளையைவிட மானத்தைப் பெரிதாக நினைத்துவிட்டேனே என்று நடுத்தெருவில் அழுதேன்.

தண்ணீர் குடித்து எழுந்தவன் எல்லோர் முன்னாலும் சொன்னான்: "போலீஸும் இல்ல, ஒண்ணும் இல்லீங்க. போதை மாத்திரை போட்டுக்கிட்டிருந்தேன், விட்டுட்டேன். இப்ப நான் ஓடக் கூடாது, நடக்கத்தான் செய்யணும்."

பிராங்க்ளின் சார் விசிலைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, "அப்ப நடப்போம் தம்பி. எனக்கே ரெண்டு வருஷமா மூட்டு வலி, வெளிய சொல்ல வெக்கமா இருந்துச்சு" என்றார். அன்றே டாக்டரிடம் காட்டினோம். என்னைத்தான் திட்டினார். இரண்டு நாள் ஓய்வுக்குப் பிறகு இப்போது இருவரும் சேர்ந்து நடக்கிறார்கள். சந்திரம்மாள் முட்டையை வேகவைத்துத் தருகிறார்.

"மாத்திரைக்கு அடிமையாகுற ஆளு நம்ம குடும்பத்துலயே கிடையாது, இவன் எங்கேருந்து வந்தான்?" என்று நீங்கள் போனில் கேட்டீர்கள். பெரியவர் நீங்கள் சொன்னால் சரி என்று போனை வைத்துவிட்டேன். ரங்கநாதர் அருளால் உங்கள் வீட்டில் அனைவரும் நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
மருதை

பி.கு.: மாதாமாதம் டாக்டர் சீட்டு இல்லாமலே பஸ்ஸில் கொடுத்தனுப்புவீர்களே, என் தூக்க மாத்திரை, அதை இனி அனுப்ப வேண்டாம். நாலு வருஷமாக நான் போடுவதைக் கலையரசன் கண்டுபிடித்துவிட்டான். "நீங்களா திடீர்னு நிறுத்தாதீங்கப்பா, அது ஆபத்து. நாளைக்கு என் டாக்டர்கிட்டயே போவோம், நான் கூட வரேன்" என்கிறான். தெருவில் கேட்டால் என்னடா சொல்வது என்றேன்.

"போலீஸ் செலக்ஷன்னு சொல்லுங்க" என்றான்.