சாப்பாட்டுக் கூடத்தின் நடு உத்தரம்

ஜூன் 14, சனிக்கிழமை, மதியம் இரண்டு மணி பத்து நிமிடம். வெதர்கோட் மாளிகையின் சாப்பாட்டுக் கூடத்தில் பார்வையாளர்கள் இருபத்து மூன்று பேர், மழை ஒழுகும் இடங்களில் வாளிகள் ஏழு.

மதிப்பிற்குரிய ஹம்ஃப்ரி பெரியப்பாவுக்கு,

உங்கள் முழங்கால், நாய்கள், ரோஜாச் செடிகள் யாவும் நலமென்று நம்புகிறேன். உத்தரம் நலமில்லை.

கட்டட எஞ்சினியர் என்ற முறையில் மூன்று முறை எழுதினேன், பதிலில்லை. அதனால் நான் பிறந்த வீட்டுக்கே வரிசையில் நின்று டிக்கெட் வாங்கி வந்தேன். பார்வையாளர்களை மறித்துக் கட்டிய கயிற்றுக்கு அந்தப்பக்கம் நீங்கள் ஏதோ ஒரு கொள்ளுத்தாத்தா சுட்ட மானைப் பற்றிக் கதை அளந்துகொண்டிருந்தீர்கள். இந்தப்பக்கம் நான் வண்டு அரித்த உத்தரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், ஏனென்றால் அதற்கு நேர் கீழே என் அம்மா உட்கார்ந்து வந்தவர்களுக்கெல்லாம் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள், பன்னிரண்டு வருஷமாக அதே நாற்காலியில். மேஜை ஆடாமலிருக்க அதன் காலுக்கடியில் மடித்துச் செருகியிருந்தது, உத்தரத்தைப் பற்றி நான் உங்களுக்கு அனுப்பிய நாற்பது பக்க அறிக்கை.

அப்போது மேலிருந்து காரை பெயர்ந்து ஒரு பெண்மணியின் கோப்பைக்குள் விழுந்தது. அவர் எழுந்து உங்களிடம், "மன்னிச்சுக்குங்க, நான்தான் தப்பான இடத்துல உட்கார்ந்துட்டேன்" என்றார். நீங்களும் பெருந்தன்மையாக மன்னித்தீர்கள். மற்றவர்கள் வானிலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. இது விழப்போகிறது, எல்லாரும் வெளியே போங்கள் என்று கத்தினேன்.

"போய்ச் சேர்ந்த என் தம்பியோட பையன். நல்லாத்தான் இருந்தான், எஞ்சினியருக்குப் படிக்க வச்சுட்டோம்" என்றீர்கள்.

கூட்டம் கைதட்டியது. டிக்கெட்டில் இதுவும் சேர்த்தி என்று நினைத்துவிட்டார்கள். அம்மா என் கையில் ஒரு கேக் துண்டைத் திணித்து, "மானத்த வாங்காதடா, எல்லாரும் பாக்குறாங்க" என்றாள். தலையில் உத்தரம் விழலாம், நாலு பேர் முன்னால் சத்தம் போடக்கூடாது. இதுதான் நம் குடும்பம்.

ஆகவே நமக்குள் உறவு இத்தோடு முடிந்தது. மாளிகையை மூடச் சொல்லி கவுன்சிலுக்கு எழுதிய கடிதம் திங்கட்கிழமை தபாலில் போகும். முழங்காலைப் பார்த்துக்கொள்ளுங்கள். பெரியம்மாவுக்கும் நாய்களுக்கும் என் அன்பு.

இனி உங்கள் உறவினன் அல்லாத,
ஜாஸ்பர்

பி.கு.: உறையை ஒட்டும்போது அம்மா போன் செய்தாள். நான் கிளம்பியதும் நீங்கள் அவளை ஜன்னலோரம் அனுப்பிவிட்டு, நீங்களே அந்த நாற்காலியில் உட்கார்ந்து தேநீர் ஊற்றினீர்களாம். "நடு உத்தரம்தான் முதல்ல விழும்னு பதினேழாம் பக்கத்துல போட்டிருக்கான். விழுந்தா வீட்டுக்குச் சொந்தக்காரன் மேல விழட்டும். அவன்கிட்ட சொல்லிடாதே" என்றீர்களாம்.

அறிக்கையைப் படித்திருக்கிறீர்கள். எனவே (இதைத் தபாலில் போடாமல் இன்றிரவே ஆள் மூலம் அனுப்புகிறேன்):

1. கவுன்சில் கடிதம் கிழிக்கப்பட்டது.
2. நாளைக் காலை நான்கு இரும்பு முட்டுகளோடு வருகிறேன்.
3. அதுவரை கூடத்தைப் பூட்டி வையுங்கள். அந்த நாற்காலியில் நீங்களும் உட்காரக் கூடாது.
4. டிக்கெட் வாங்க மாட்டேன்.