பழஞ்சைக்கிளுக்கு டிஸ்க் பிரேக் பூட்டிய படலம்

வாழி! ஊசி முறிந்த இயந்திரங்களின் உயிர்காவலன், நூற்சிக்கறுக்கும் நுண்விரலோன், அசையாது கிடந்த தையல் மிஷின்கள் அத்தனையையும் ஒரே சொட்டு எண்ணெயால் ஆடவைத்து, அதனாலேயே ‘சொட்டு மெக்கானிக்’ என்னும் பட்டம் பூண்ட பெருந்தகை வாழி! அவன் தோள் வாழி, தோளில் தொங்கும் கருவிப்பை வாழி, அப்பையின் அடியில் ஓயாது கசிந்துகொண்டிருக்கும் எண்ணெய்க் குப்பியும் வாழி! அந்தக் குப்பியைப் பற்றி இப்போதே ஒரு வார்த்தை சொல்லிவிட நாக்கு துடிக்கிறது. ஆனால் காவியம் சொல்ல வந்தவர் அவசரப்படக் கூடாது.

அன்னவன் ஏறி உலவிய ஊர்தி யாதெனில், மலையேறும் சைக்கிள் என்று சொல்லி விற்கப்பட்டு, மாடிப்படியைத் தவிர வேறெந்த மலையும் ஏறியறியாத, அதையும் அவன் தோளில் அமர்ந்தே ஏறிய, முதுபெரும் இரும்புப் புரவி. அதன் பிரேக் பழைய வழக்கத்தது: இரு ரப்பர்க் கட்டைகள் இருபுறமும் நெருங்கி, சக்கரத்தின் விளிம்பைக் கவ்வி நிறுத்தும். வெயிலில் அவை வீரர்கள். மழையிலோ சோப்புத் துண்டுகள். சென்ற வாரத்துப் பெருமழையில் வீட்டை அடுத்த சரிவில் இறங்கிய நம் நாயகன், இரு கையாலும் பிரேக்கை நெரித்தும் நில்லாமல், ஆரவாரத்தோடு சலவைக்கடைக்குள் புகுந்து, தேய்த்து அடுக்கிய வெண்சட்டைக் குன்றின்மேல் முகம் புதைத்து விழுப்புண் எய்தினான். சட்டைகளை மறுபடியும் தேய்க்க வேண்டியதாயிற்று.

செய்தி அறிந்தாள் இல்லத்தரசி. அவளோ பள்ளிக்கூடத்து விளையாட்டு ஆசிரியை. மைதானம் முழுக்கச் சிதறி ஓடும் பிள்ளைப் படையை ஒரே விசிலால் சிலையாக்கி நிறுத்தும் வல்லமை வாய்ந்தவள். நிற்காத பொருள் எதுவும் அவளுக்கு ஆகாது. இடுப்பில் கைவைத்து, இரு வாக்கியத்தில் தீர்ப்பு வழங்கினாள்.

“ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அந்தச் சரிவுல இறங்கி, என் முன்னாடி நிறுத்திக் காட்டுங்க. நிக்கலேன்னா பழைய இரும்புக்காரர் வந்து எடுத்துட்டுப் போயிடுவார்.”

நடுங்கினான் நாயகன். தையற்கடை தையற்கடையாய்க் கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் ஓடும் அவனுக்குச் சைக்கிள்தான் கால். அது போனால் பஸ்ஸில் யாரோ ஒருவரின் அக்குளுக்கடியில் பயணம் செய்ய வேண்டும். அதுகூடப் போகட்டும். பகலெல்லாம் மிஷின்களின் வயிற்றுக்குள் தலையைவிட்டுக் குனிந்தே கிடப்பவன் நிமிர்ந்து முகத்தில் காற்று வாங்குவது அந்தச் சரிவில் இறங்கும் சில நொடிகளில் மட்டுமே. அதை இழக்க அவனுக்கு மனம் வரவில்லை.

எனவே கூடத்தின் நடுவே நின்று, வலக்கையில் ஸ்பேனரை உயர்த்தி, சுவர்க்கடிகாரம் ஒரு கணம் தயங்க வஞ்சினம் உரைத்தான்: “விளிம்பைக் கவ்வும் வீணரை வீழ்த்துவேன்! சக்கரத்தின் நடுவே வட்டுடைய டிஸ்க் பிரேக்கைப் பூட்டுவேன்! பூட்டேனாயின் இக்கருவிப்பையைத் தொடேன்!” அடுப்படியிலிருந்து, “சத்தம் போடாதீங்க, பால் பொங்குது” என்று பதில் வந்தது.

படையெடுப்பு தொடங்கிற்று. பளபளக்கும் டிஸ்க்கும் அதைக் கவ்வும் இடுக்கியும் பெட்டியில் வந்திறங்கின. முன்சக்கரத்தருகே இடுக்கியைக் கொண்டுபோய் வைத்தால், அதைத் திருகி நிறுத்த, சக்கரத்தை இருபுறமும் பிடித்திருக்கும் முன்கவையில் இடமே இல்லை. டிஸ்க் என்ற சொல்லே காதில் விழாத காலத்தில் வார்க்கப்பட்ட கவை அது. வீழ்ந்தது பழங்கவை, வந்தது புதுக்கவை. பின்பு டிஸ்க்கைச் சக்கரத்தில் பொருத்தப் போனால், சக்கரத்தின் நடுக்குடத்தில் திருகு முடுக்கத் துளைகள் இல்லை. வீழ்ந்தன சக்கரங்கள், வந்தன புதுச்சக்கரங்கள். பின்புறச் சட்டமோ முன்னிரண்டையும் மிஞ்சிய பிடிவாதக்காரனாய் இருந்தது. அதற்கென ஓர் இரும்புத் தாங்கியைத் தேடிப் பிடித்து, வளைத்து, தட்டி, கெஞ்சி, இறுதியில் திட்டி உட்காரவைத்தான். பழைய ரப்பர்க் கட்டைகளை ஒன்றுவிடாமல் பிடுங்கிக் குப்பையில் எறிந்தான்.

போர்க்களம் காண வந்தான் மச்சினன், மனையாளின் தம்பி, போன் கடையில் வேலை செய்பவன், எதையும் பழுதுபார்ப்பதைவிட மாற்றுவதே மேல் என்னும் கொள்கையுடையோன். சுற்றிலும் குவிந்து கிடந்த பழைய உறுப்புகளை ஒரு முறை பார்த்தான். சைக்கிளில் எஞ்சியிருந்ததை ஒரு முறை பார்த்தான்.

“அத்தான், பேசாம இந்தப் பெல்ல மட்டும் கழட்டி ஒரு புது சைக்கிள்ல மாட்டியிருக்கலாமே?”

நாயகன் அடுத்த திருகை முடுக்கினான். பெரியோர் இவ்வாறான சொற்களைச் செவியில் வாங்குவதில்லை. வாங்கினாலும், காது மடல் சிவப்பதோடு சரி.

ஞாயிறு பிற்பகல். தலைகீழாய் நிற்கும் புரவியின் முன் சம்மணமிட்டு அமர்ந்தவன் சக்கரத்தைச் சுழற்றினான். ஆகா, சுழன்றது! ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் டிஸ்க் எங்கோ ஓரிடத்தில் இடுக்கிக்குள் இருக்கும் கட்டையை உரசி, ‘சிக்... சிக்... சிக்...’ என்று சிணுங்கிற்று. திருகைத் தளர்த்தினான், சிணுங்கிற்று. முடுக்கினான்; சிணுங்கிற்று. கழற்றி மாட்டினான், கண்ணை இடுக்கி ஒளியில் பார்த்தான், மூச்சடக்கிக் கேட்டான். கொசு காதருகே வந்து நலம் விசாரிப்பதுபோல் அது விடாமல் சிணுங்கிற்று. பொழுதோ சாய்ந்துகொண்டிருந்தது. வாசலில் அவள் செருப்பு மாட்டும் ஓசையும் கேட்டது.

ஐயகோ! இனி நான் எவ்வாறு சொல்வேன்? சுழலும் இரும்பு சிணுங்கினால் என்ன செய்ய வேண்டும் என்பதை வாழ்நாளெல்லாம் பயின்ற அவ்வலக்கை, தலைவனிடம் ஒரு சொல்லும் கேளாமல், தானே எழுந்து, தானே பைக்குள் நுழைந்து, தானே குப்பியை எடுத்து, முன்னதில் ஒரு சொட்டு, பின்னதில் ஒரு சொட்டு, அன்போடு விட்டது. மற்ற எல்லா இரும்புக்கும் அமுதமான எண்ணெய் டிஸ்க்குக்கு மட்டும் நஞ்சு என்பதை அதை விற்ற கடைக்காரர் சொல்லத்தான் சொன்னார். நாயகன் அப்போது கடையில் தொங்கிய ஒரு பெல்லின் பளபளப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். சிணுங்கல் நின்றது. உலகம் அமைதியுற்றது. நாயகன் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

சரிவின் உச்சியில் அவன். சரிவின் அடியில், கழுத்தில் விசில் தொங்க அவள், அவளருகே மச்சினன். சலவைக்காரர் முன்னெச்சரிக்கையாகச் சட்டைகளை உள்ளே எடுத்துக்கொண்டிருந்தார். “காண்பீராக!” என்று முழங்கி இறங்கினான் நாயகன். முகத்தில் காற்று மோதிற்று, நிமிர்ந்தான், அந்த நொடியில் அவன் எவ்வளவு மகிழ்ச்சியாக இருந்தான் என்பதை அவனே பின்னாளில் ஒத்துக்கொண்டான். பாதித் தூரத்தில் பிரேக்கைப் பிடித்தான். பட்டுத்துணியில் வழுக்கும் ஊசிபோல் கட்டைகள் டிஸ்க்கின்மேல் வழுக்கின. இன்னும் இறுக்கினான். சைக்கிள் இன்னும் விரைந்தது.

“நிறுத்துங்க!” என்றாள் அவள்.

“நிக்க மாட்டேங்குதுடீ!” என்றான் காவிய நாயகன், செந்தமிழ் அத்தனையையும் துறந்து.

ஊதினாள் விசிலை! அவ்வொலி கேட்டு நடந்து சென்றோர் நின்றனர், பேருந்து நின்றது, சலவைக்காரர் கையில் சட்டையோடு நின்றார், தெருநாய் தூக்கிய காலைத் தூக்கியபடியே நின்றது. சைக்கிள் மட்டும் அவளைக் கடந்து போயிற்று. கணவனின் வெளுத்த முகம் கடந்து செல்வதைக் கண்ட அக்கணமே அவளுடைய கோபம் போய், பயம் வந்தது. தீர்ப்பாவது, இரும்புக்காரராவது! செருப்பை உதறினாள், ஓடினாள், பள்ளிப் போட்டிகளில் பிறரை ஓடவைத்தே ஓய்ந்திருந்த அக்கால்கள் தெரு அதிர ஓடின. கேரியரை இரு கையாலும் பற்றி, குதிகாலைத் தரையில் ஊன்றி, பின்னால் சாய்ந்து இழுத்தாள். இழுபட்டது புரவி, திமிறிற்று, தள்ளாடிற்று, நின்றது.

நெடுநேரம் இருவரும் மூச்சு வாங்கினர். மச்சினன் ஓடிவந்து, டிஸ்க்கை விரலால் தடவி, முகர்ந்து பார்த்தான்.

“அத்தான்... இதுக்கும் ஒரு சொட்டு விட்டீங்களா?”

நாயகன் தலை கவிழ்ந்தான். “இரும்புக்காரருக்குப் போன் பண்ணிடு” என்றான். அவள் அவனுடைய முழங்கையைத் திருப்பிப் பார்த்தாள், முழங்காலைப் பார்த்தாள், எங்கும் ரத்தம் இல்லை என்று உறுதி செய்துகொண்டாள். அதன்பிறகுதான் அவள் குரலில் பழைய அதிகாரம் திரும்பிற்று.

“எதுக்குப் பண்ணணும்? நிக்கணும்னு சொன்னேன், நின்னுடுச்சு. யாரு நிறுத்தினா என்ன? வீட்டுலயே இருக்கட்டும். ஆனா ஒண்ணு, இனிமே நான் பின்னாடி ஓடி வரமாட்டேன்.”

இவ்வாறு தீர்ப்பு திருத்தி எழுதப்பட, மூவரும் புரவியைப் புடைசூழ்ந்து, மாடிப்படி என்னும் மாமலை மீது அதைச் சுமந்தேறி, கூடத்தில் சன்னலோரம் காற்றும் வெயிலும் மாறாது வந்து தொழும் உயர்பீடத்தில் அரியணை ஏற்றினர். டிஸ்க்கைத் துடைத்து, கட்டைகளை மாற்றி, இச்சரிவிலேயே மீண்டும் வெல்வேன் என்று நாயகன் நாள்தோறும் சூளுரைக்க, திசையெட்டும் அச்சூளுரை கேட்டுச் சலிக்க, புதுக்கவையும் புதுச்சக்கரங்களும் ஒளிவிட, நெடிய கைப்பிடி இருபுறமும் நீண்டு விளங்க, அவ்வீட்டில் நிலைபெற்றது அப்பழஞ்சைக்கிள்.

இப்போது அதில் துணி காயப்போடுகிறார்கள்.