மோட்டாரில் ஏறாத துரை

ரங்கூன், மிங்கலா தாங்ஞுன்ட்
அட்சய வருஷம், தை

இன்சீன் ரயில்வே பட்டறை மேஸ்திரி, மகாகனம் பொருந்திய பொன்னுத்துரை அவர்கள் சமூகத்துக்கு, குதிரை வண்டி நல்லையா அநேக நமஸ்காரத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் சம்சாரம் தங்கமணியும் மகள் பவுனம்மாளும் குதிரையும் முருகன் புண்ணியத்தில் சௌக்கியம். தங்கள் சௌக்கியத்தைக் கோபம் தணிந்ததும் எழுதவும்.

குதிரையை விற்று மோட்டார் வாங்கினால்தான் பவுனம்மாளை மருமகளாக ஏற்பேன், லத்தி நாறும் வாசலில் சம்பந்தம் பேச மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். நானும் விற்கத்தான் இருந்தேன். அதற்குள் அந்த அமெரிக்காக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். யோடர் என்று பெயர். இங்கே பள்ளிக்கூடத்து வாத்தியாரம்மாவாக இருக்கும் அவர் தங்கை காய்ச்சலில் கிடக்கிறாள் என்று புருஷனும் பெண்சாதியுமாகக் கப்பலேறி வந்தவர்கள். துறைமுகத்தில் மோட்டார்கள் வரிசையாக நிற்க, யோடர் நேராக என் குதிரையிடம் வந்து கழுத்தைத் தடவினார். மீசை இல்லாத தாடி, கறுப்புச் சட்டை, அம்மாளுக்குத் தலையில் துணி. எனக்குத் தெரிந்து மீசையை வழித்துத் தாடி விட்டவர் நம்ம முகைதீன் பாய்தான். ஆகவே துருக்கி ஹாஜியார் என்று தீர்மானித்து, பாய் சாப்பாட்டுக் கடையில் கொண்டு இறக்கினேன். பாய் சலாம் வைக்க, அவர் கை குலுக்க, எல்லாருமாகப் பிரியாணியை ஒரு கை பார்த்தார்கள். பிறகுதான், "நாங்க ஆமிஷ் சபை, கிறிஸ்தவங்க" என்றார். பாய் இன்னும் என்னைக் கண்டால் சிரிக்கிறார்.

வெள்ளைக்காரரும் நானும் மோட்டாரில் உட்கார்ந்த போட்டோவை அனுப்பினால் தங்கள் மனசு இளகும் என்று கணக்குப் போட்டேன். மறுநாள் இரவல் மோட்டார், மாலை, போட்டோக்காரர், நாயனம் சகிதம் அவர் தங்கை வீட்டு வாசலில் போய் நின்றேன். மாலையைக் கழுத்தில் போட விடவில்லை. அம்மாள் அதை வாங்கித் தங்கையின் தலைமாட்டில் வைத்தாள். நாயனம் ஊதியதும் தலையைக் குனிந்தார்கள். போட்டோப் பெட்டியைக் கண்டதும் முகத்தைத் திருப்பினார்கள். தங்கைக்கு மருந்து வாங்க, மோட்டார் வேண்டாம் என்று நடந்தே கிளம்பினார்கள். விட்டால் மரியாதை என்ன ஆவது? டல்ஹவுசி வீதியில் அவர்கள் நடக்க, பக்கத்தில் நான் மோட்டாரை ஊர்ந்தபடி ஓட்டிக்கொண்டு, "கோவிச்சுக்காதீங்க சார்" என்று ஒரு கையால் கும்பிட, நிறுத்தச் சொல்ல ஆளில்லாமல் நாயனக்காரர் பின்னாலேயே ஊதிக்கொண்டு வந்தார். கடைசியில் யோடர் ஐயா நின்றார். துறைமுகத்தில் நான் பழகிய இங்கிலீஷுக்குப் புரிந்த மட்டும் எழுதுகிறேன்.

"நல்லையா, எங்களப் பெருமைப்படுத்துறதுதான் எங்களுக்குக் கூச்சம். என்ன பிடிக்கும்னு கேட்டா சொல்ல மாட்டமா?"

எனக்கு இது தோன்றவே இல்லை பாருங்கள். அன்று முதல் கேட்டுத்தான் செய்கிறேன். படம் எடுத்தால் தற்பெருமை வரும், மோட்டார் வைத்தால் அக்கம்பக்கத்தாரை விட்டுத் தூரமாக ஓடச் சொல்லும் என்கிறார். விபூதி எதற்கு என்று அவர் என்னைக் கேட்டார். தெரிந்த மட்டும் சொன்னேன். பிறகு குளம்பைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இப்படி ஒரு குதிரைய யாராவது விப்பாங்களா?" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. என் வாசலில் மூக்கைப் பொத்தியவர்களைத்தான் இத்தனை வருஷமாகப் பார்த்திருக்கிறேன்.

ஆகையால் குதிரையை விற்க மாட்டேன். மகள் கல்யாணம் நின்றுபோகும் என்று தெரியும். தங்கமணி என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள். ஆனாலும் மாட்டேன். தங்கள் மகனுக்கு மோட்டார் உள்ள இடமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்களுக்கும் இல்லத்தாருக்கும் தண்டாயுதபாணி குறைவில்லாமல் கொடுக்கட்டும், முக்கியமாகப் பொறுமையை.

இப்படிக்கு,
சொன்ன சொல் மாறாத
நல்லையா

பி.கு. கடிதத்தைத் தபாலில் போட வெளியே வந்தால் குதிரையும் இல்லை, வண்டியும் இல்லை, பவுனம்மாளும் இல்லை. கடைத்தெருவிலிருந்து திரும்ப யோடர் தம்பதி வண்டி சொல்லியிருந்தார்கள். எனக்குப் பதில் பவுனம்மாளையும் ஏற்றிக்கொண்டு ஓட்டிப் போனவர் தங்கள் மகனாம். அவர்களைத் தங்கையிடம் இறக்கும் முன் முருகன் கோயிலில் ஒரு நிமிஷ வேலை என்றாராம். பவுனம்மாளுக்குத் தாலி கட்டியாயிற்று. முடியும்வரை வாசலில் குதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றவர் யோடர் ஐயா. இப்போது என் வீட்டில் பாயசம் நடக்கிறது, தங்கமணியும் பேசத் தொடங்கிவிட்டாள். ஆகவே மேற்படி விஷயம் எதற்கும் தாங்கள் பதில் எழுத வேண்டியதில்லை சம்பந்தி. உடனே புறப்பட்டு வாருங்கள். மோட்டாரில்தான் வருவேன் என்றால் தெருமுனையிலேயே நிறுத்திவிடுங்கள், குதிரை மிரளும்.