பல் டாக்டர் கையில் துப்பாக்கி

மொழிபெயர்ப்பாளன் தான் மொழிபெயர்த்த எழுத்தாளரை நேரில் சந்திக்கவே கூடாது. சந்தித்துத் தொலைத்தவன் சொல்கிறேன்.

எனக்குச் செங்கல்பட்டில் வங்கி வேலை. ஓய்வு நேரத்தில் ஆங்கில நாவல்களைத் தமிழாக்குவேன். அப்படித்தான் ஸாயிராவின் நாவல் கைக்கு வந்தது. கராச்சியில் பிறந்து இங்கிலாந்தில் வளர்ந்தவர். கதை இதுதான்: கராச்சியில் ஒரு பெண் பல் டாக்டர் தன் மாமியாருக்குத் தங்கப்பல் கட்ட வேண்டும், மாமியார் வாயைத் திறக்க மறுக்கிறார் (மற்ற நேரத்தில் மூடுவதே இல்லை). சிரித்துக்கொண்டேதான் மொழிபெயர்த்தேன்.

பின்னட்டைக்கு எழுத உட்கார்ந்தபோது எனக்குள்ளிருந்த உலக இலக்கிய மேதை விழித்துக்கொண்டார். பாகிஸ்தான் நாவல் என்றால் சும்மாவா? 'துப்பாக்கி முழக்கத்தினூடே ஒரு பெண்ணின் கண்ணீர்!' என்று எழுதினேன். அதை மட்டும் படித்த ஓவியர், முகத்திரைக்குள் இரண்டு கண்களையும் பக்கத்தில் ஒரு துப்பாக்கியையும் வரைந்து அனுப்பிவிட்டார்.

என் மனைவி செல்வி செய்யூர்க்காரி. மொழிபெயர்ப்பை முழுக்கப் படித்திருந்தாள்.

"இன்னாது இது? கதையில துப்பாக்கி எங்க கீது?"

"அது குறியீடு. உனக்குப் புரியாது" என்றேன். (எனக்கும் புரியாது.)

மாமல்லபுரத்தில் கடலோர விடுதி ஒன்றில் வெளியீட்டு விழா. ஸாயிராவே வந்திருந்தார். புத்தகத்தை வாங்கியவர் அட்டையை நெடுநேரம் பார்த்தார். பிறகு மைக்கிலேயே கேட்டார்: "பின்னால் என்ன எழுதியிருக்கிறது?"

மாற்றிச் சொல்லியிருக்கலாம். ஆனால் கூட்டத்தில் பாதிப்பேர் கல்பாக்கத்து விஞ்ஞானிகள், ஆங்கிலம் தெரிந்தவர்கள். உள்ளபடியே சொன்னேன்.

"துப்பாக்கி எந்தப் பக்கத்தில் வருகிறது?"

"வந்து... குக்கர் வெடிக்குமே, அங்கே..."

யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"லண்டன் பதிப்பிலும் இதே கண்கள்தான். அவர்கள் தூரத்தில் இருப்பவர்கள், தெரியாது என்று விட்டுவிட்டேன். நீங்கள் பக்கத்து வீடு. எங்களுக்கும் பல் வலிக்கும் என்று உங்களுக்காவது தெரியும் என நினைத்தேன்."

இதைக் கூட்டத்துக்குத் தமிழில் சொல்ல வேண்டியவனும் நான்தான். ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன்.

அப்போது செல்வி எழுந்தாள்.

"யம்மா, உங்க கதையில வர்ற மாமியா மாதிரி எங்க வூட்லயும் ஒண்ணு கீது. இன்னா செஞ்சா வாய மூடும்?"

பக்கத்து நாற்காலியில் என் அம்மா.

"உங்கள் நாவல் குடும்ப உறவுகளை அழகாகச் சித்தரிப்பதாகச் சொல்கிறார்" என்று ஆங்கிலத்தில் சமாளித்தேன். கல்பாக்கம் மொத்தமும் வெடித்துச் சிரித்தது. ஏன் என்று ஸாயிரா கேட்க, ஒரு விஞ்ஞானி எழுந்து உண்மையைப் போட்டு உடைத்தார். ஸாயிரா மேஜையில் தலை கவிழ்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

மறுபதிப்பின் அட்டையில் பல் டாக்டரின் சாய்நாற்காலி இருக்கிறது. ஸாயிராவும் செல்வியும் இப்போது சிநேகிதிகள். ரம்ஜானுக்கும் பொங்கலுக்கும் போன் வரும். இருவருக்கும் நடுவில் மொழிபெயர்க்க நான். தொண்டையைச் செருமுவதற்குள் அந்தப் பக்கம் ஆங்கிலத்திலும் இந்தப் பக்கம் தமிழிலும் ஒரே எச்சரிக்கை:

"அவ சொன்னத மட்டும் சொல்லு!"